பெற்றோருக்கு மூச்சுப் பயிற்சி: ஓர் ஆசிரியையின் அனுபவம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச வருகிறவருக்கு எப்போதுமே கொஞ்சம் பயம் இருக்கும். இன்றைக்கு எனக்கு அந்தப் பயம் இல்லை. தலைப்பே தியானம் என்பதால், யாராவது கண்ணை மூடினால் பயிற்சியைத் தொடங்கிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்வேன்.

“வயசான அப்பா அம்மாவுக்குத் தியானமும் மூச்சுப் பயிற்சியும் எப்படிச் சொல்லிக்கொடுக்கறதுன்னு அரை மணி நேரம் பேசுங்க டீச்சர்” என்று கூட்டப் பொறுப்பாளர் கேட்டபோது நான் முதலில் தயங்கினேன். நான் யோகா ஆசிரியை இல்லை, மருத்துவரும் இல்லை. அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் பட்டதாரி ஆசிரியை. ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு தகுதி உண்டு. செய்யக் கூடாத தவறுகள் எல்லாவற்றையும் நான் முதலிலேயே செய்துவிட்டேன். அவற்றைச் சொன்னால் நீங்கள் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா? அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

வீட்டிலோ ஊரிலோ 65 வயதைத் தாண்டிய தாய் தகப்பன், மாமனார் மாமியார் இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். ஏறக்குறைய எல்லாக் கைகளும் மேலே இருக்கின்றன. நம் வயது அப்படி. ஒரு பக்கம் பிள்ளைகளின் பொதுத் தேர்வு, இன்னொரு பக்கம் பெற்றோரின் மாத்திரை டப்பா. இரண்டுக்கும் நடுவில்தான் நாம் பள்ளிக்கூடத்துக்கு வந்து போகிறோம்.

எனக்குச் சொந்த ஊர் பீளமேடு. இன்று பீளமேடு என்றால் விமான நிலையம், கல்லூரிகள், கணினி நிறுவனங்கள் என்று சொல்வார்கள். எங்கள் சிறு வயதில் பீளமேடு என்றால் மில் சங்கு. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையைச் சுற்றிப் பஞ்சாலைகள் பெருகின என்று பாடத்தில் நடத்துகிறோமே, அந்தப் பஞ்சாலைகளில் ஒன்றில்தான் என் அப்பா முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தார். அதிலும் பெரும்பகுதி கார்டிங்கில். பஞ்சைச் சிக்கெடுத்து, தூசு பிரித்து, பட்டையாக இழுத்துக் கொடுக்கும் பகுதி அது. ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்திலும் மீசையிலும் வெள்ளை படிந்திருக்கும். “அப்பா தாத்தா ஆயிட்டாங்க” என்று நானும் தங்கையும் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இப்போது அப்பாவுக்கு 77 வயது. அம்மாவுக்கு 71. நான் இருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் பள்ளியிலிருந்து வரும் வழியில் அங்கே போய் ஒரு காபி குடித்துவிட்டுத்தான் என் வீட்டுக்குப் போவேன்.

2022-ம் ஆண்டு ஜூன் 21. பன்னாட்டு யோகா தினம். ஐக்கிய நாடுகள் சபை அறிவித்து, 2015 முதல் ஆண்டுதோறும் கொண்டாடப்படும் நாள். பள்ளி மைதானத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் ஆசனங்கள் செய்தேன். உற்சாகமாக இருந்தது. அம்மாவுக்குத் தூக்கம் வருவதில்லை, அப்பா சீக்கிரம் களைத்துப்போகிறார், இருவருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அன்று மாலையே கைபேசியும் கையுமாகப் போய் இறங்கினேன்.

பாயை விரித்து இருவரையும் தரையில் உட்காரவைத்தேன். ஒரு காணொளியை ஓடவிட்டேன். அதில் ஓர் இளைஞர் வயிற்றைச் சடசடவென்று உள்ளிழுத்து கபாலபாதி செய்கிறார். அடுத்து, மூச்சை உள்ளே இழுத்துப் பதினாறு எண்ணும் வரை நிறுத்திவைக்கச் சொல்கிறார். “அவங்க சொல்ற மாதிரியே செய்யுங்கப்பா” என்று நானும் வகுப்புக் குரலில் சொன்னேன்.

அப்பா மறுத்துப் பேசவில்லை. மகள் டீச்சர் சொல்கிறாளே என்று செய்தார். இரண்டாவது நிமிடம் “கெறக்கமா இருக்குது அம்மணி” என்றவர் சுவரில் சாய்ந்துவிட்டார். முகம் வெளுத்து, நெற்றி வேர்த்து, வாயைத் திறந்துகொண்டு மூச்சுக்குத் தவித்தார். அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். எனக்குக் கை கால் ஓடவில்லை. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. அந்தப் பத்து நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். உங்கள் வீடுகளிலும் பலர் பயன்பெறுவீர்கள். அந்த வாரம் மாத்திரை கொண்டுவந்த தன்னார்வலர் அம்மாவிடம், “ஐயா கடைக்குப் போறப்ப நாலு இடத்துல நிக்கறாங்களே, மூச்சு வாங்குதுங்களா? ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு இடத்தில் நிற்கிறார் என்பது எனக்கும் தெரியும். வீட்டிலிருந்து பால் கடைக்கு ஐந்து நிமிட நடை. அப்பா அதற்கு இருபது நிமிடம் எடுத்துக்கொள்வார். தையல்கடை வாசலில் நின்று பேசுவார். டீக்கடையில் தொங்கும் பேப்பரின் தலைப்பைப் படிப்பார். பிள்ளையார் கோயில் திண்டில் கையை ஊன்றிக்கொண்டு கும்பிடுவார். ‘ஓய்வு பெற்ற மனிதர், நாலு பேரிடம் பேச ஆசைப்படுகிறார்’ என்று நான் நினைத்திருந்தேன். அவர் நின்றது மூச்சு வாங்குவதற்கு. அது யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் பேச்சும் பேப்பரும் கும்பிடும்.

ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளில் எவனுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று கடைசி பெஞ்சில் அவன் கண்ணைச் சுருக்குவதை வைத்துக் கண்டுபிடிக்கிறோம். பெற்ற அப்பா இரண்டு வருடமாக மூச்சுக்கு நின்றதை நான் கண்டுபிடிக்கவில்லை.

மருத்துவமனையில் ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். ஸ்பைரோமெட்ரி என்று பெயர். நுரையீரல் எவ்வளவு காற்றை, எவ்வளவு வேகத்தில் வெளியேற்றுகிறது என்று அளக்கும் சோதனை. சி.ஓ.பி.டி. என்று சொன்னார்கள், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். ஐம்பது வயது வரை பிடித்த பீடி ஒரு காரணம். வாங்கிய பஞ்சுத்தூசி இன்னொரு காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர்.

மருத்துவர் அப்பாவிடம் கேட்ட ஒரு கேள்வி எனக்குப் புதிதாக இருந்தது. “வேலைக்குப் போற காலத்துல, லீவு முடிஞ்சு போற முதல் நாள் நெஞ்சைப் பிடிச்ச மாதிரி இருக்குங்களா?” அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆமாங்க. லீவு முடிஞ்சு போற அன்னைக்கு மட்டும் கட்டும். அடுத்தடுத்த நாள் சரியாப் போயிரும். எல்லாத்துக்கும் அப்படித்தானுங்க. அதை ஒரு நோவுன்னு நாங்க நெனைக்கலீங்க.” பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு வரும் பிசினோசிஸ் என்ற நோயின் தொடக்க அடையாளமே அதுதானாம். உலகம் முழுவதும் பஞ்சாலை ஊர்களில் இதைத் திங்கட்கிழமை நோய் என்று சொல்லியிருக்கிறார்கள். புருவத்து வெள்ளையைப் பார்த்து நாங்கள் சிரித்தது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

இப்படிப்பட்ட நுரையீரலோடு இருப்பவரைத்தான் நான் மூச்சை அடக்கச் சொல்லியிருக்கிறேன். என் தவறு என்ன என்று ஆசிரியர் மொழியிலேயே சொல்கிறேன். முன்னறிவுச் சோதனை செய்யாமல் பாடத்தைத் தொடங்கினேன். கற்பவரின் நிலை என்ன என்று பார்க்கவில்லை. எனக்குப் பிடித்த பாடத்தை, எனக்கு வசதியான வேகத்தில் நடத்தினேன்.

மருத்துவர் இன்ஹேலர் கொடுத்தார். அதோடு இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் சொல்லிக்கொடுத்தது மிக எளிய பயிற்சி. மூக்கு வழியாக இரண்டு எண்ணும் நேரம் மூச்சை இழுக்க வேண்டும். பிறகு உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும் நேரம் மெதுவாக வெளியே விட வேண்டும். ஊதும்போது விளக்குச் சுடர் அசையலாம், அணையக் கூடாது. அவ்வளவுதான்.

அப்பாவுக்கு அது பிடிபடவில்லை. பலமாக ஊதினார், இருமினார். கூட இருந்த அம்மா சொன்னார்: “ஏனுங்க, ஊதாங்குழல்ல அடுப்பு ஊதற மாதிரிங்க. ஆனா சாம்பல் பறக்கக் கூடாது.” அப்பாவுக்கு உடனே புரிந்தது. பி.எட். படித்த நான் கொடுக்க வேண்டிய உதாரணத்தை, ஐந்தாம் வகுப்பு படித்த அம்மா கொடுத்துவிட்டார்.

அது ஏன் பலன் தருகிறது என்று அப்பா கேட்டார். மெஷினில் வேலை செய்தவர். காரணம் தெரியாமல் எதையும் செய்ய மாட்டார். நான் வீட்டுக்குப் போய் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்த நுரையீரல் மாதிரியை எடுத்துவந்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில், உள்ளே இரண்டு பலூன், அடியில் இழுத்துக் கட்டிய ரப்பர் தாள். தாளைக் கீழே இழுத்தால் பலூன் விரியும், விட்டால் சுருங்கும். “இந்தத் தாள்தாம்ப்பா உதரவிதானம்” என்றேன். ஒருமுறை இழுத்துப் பார்த்தவர், “ப்ளோரூம்ல சக்சன் பஞ்சை இழுக்கற மாதிரி” என்றார். அதேதான்.

அதற்குப் பிறகு நான் சொன்னது இவ்வளவுதான். இந்த நோயில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் பெரிய சிரமம். வேகமாக வெளியே தள்ளினால் சின்னச் சின்ன மூச்சுக் குழல்கள் அமுங்கிக்கொள்ளும். பழைய காற்று உள்ளேயே தங்கிவிடும். காலி ஆகாத குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்ற முடியுமா? உதட்டைக் குவித்து மெதுவாக ஊதும்போது உள்ளே ஓர் அழுத்தம் நிற்கும். அது குழல்களைத் திறந்தே வைத்திருக்கும். பழைய காற்று வெளியேறும். புதியதற்கு இடம் கிடைக்கும். அப்பா தலையை ஆட்டினார். அன்றிலிருந்து நான் நினைவூட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை.

அம்மாவின் கதை வேறு. அவருக்குத் தூக்கம்தான் பிரச்சினை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார். தியானம் செய்தால் மனம் அமைதியாகும் என்று நான் சொன்னேன். கண்ணை மூடி, ஒன்றும் நினைக்காமல் பத்து நிமிடம் உட்காருங்கள் என்றேன். இரண்டு நாள் உட்கார்ந்தார். மூன்றாவது நாள், “எனக்கு வேண்டாம் கண்ணு. கண்ணை மூடுனா அக்கா மொகந்தான் வருது” என்றார்.

எங்கள் பெரியம்மா கொரோனா இரண்டாம் அலையில் 2021-ல் இறந்துபோனார். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. அம்மா அதைப் பற்றி அதிகம் பேசியதே இல்லை. பகலெல்லாம் ஏதாவது வேலை செய்து அதைத் தள்ளிவைத்திருக்கிறார். நான் போய், வேலையை எல்லாம் விட்டுவிட்டுக் கண்ணை மூடுங்கள் என்கிறேன்.

துக்கத்தில் இருப்பவருக்குக் கண்ணை மூடி அமர்வது சில நேரம் பாரத்தைக் கூட்டிவிடும் என்பது அன்றுதான் புரிந்தது. அன்று தியானம் வேண்டாம் என்று வைத்துவிட்டு, பெரியம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் அம்மா அழுதார். பிறகு சாதம் வைத்தார்.

ஒரு வாரம் கழித்து வேறு வழியில் முயன்றேன். கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம். தரையில் வேண்டாம், நாற்காலி போதும். மாலையில் விளக்கேற்றி வைத்த பிறகு, அதைப் பார்த்தபடி மூச்சை வெளியே விடும்போதெல்லாம் உங்களுக்குப் பிடித்த சாமி பேரை மெதுவாகச் சொல்லுங்கள் என்றேன். “மருதமலை முருகா” என்று ஒரு மூச்சுக்கு ஒரு முறை. கணக்குக்கு விரல் கணு. காய்காரரிடம் கணக்குப் பார்ப்பதுபோல ஒரு விரலுக்கு மூன்று, ஒரு கைக்குப் பன்னிரண்டு. கட்டைவிரல் ஒவ்வொரு கணுவாக நகர்ந்துகொண்டே போகும். இரண்டு கை முடிந்தால் பயிற்சி முடிந்தது. அம்மாவுக்கு அது பயிற்சியாகவே தெரியவில்லை. “இதென்ன, நாஞ் சொல்றதுதானே” என்றார். அதனால்தான் தொடர்ந்து செய்தார்.

இதில் அறிவியல் இல்லாமல் இல்லை. சும்மா இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுகிறோம். ஒரு சொல்லை மெதுவாக, மூச்சோடு சேர்த்துச் சொல்லும்போது அது தானாகவே குறைகிறது. 2001-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இத்தாலிய ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கத்தோலிக்கர்களின் ஜெபமாலை ஜெபத்தையும், யோக மந்திரத்தையும் சொல்லவைத்து மூச்சையும் இதயத் துடிப்பையும் அளந்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு அளவுக்கு இறங்கியிருந்தது. அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975-ல் எழுதிய நூலில் தளர்வு நிலை பற்றி விளக்கியவர். எந்தச் சொல்லைச் சொல்வது என்பதை அவரவர் நம்பிக்கைக்கே விட்டுவிடலாம் என்பது அவர் கருத்து. நம்மில் பல மதத்தவர் இருக்கிறோம். தஸ்பீஹ் மணி உருட்டும் அத்தாவுக்கும், ஜெபமாலை சொல்லும் அம்மாச்சிக்கும், சாமியே கும்பிடாத தாத்தாவுக்கும் இதே வழி பொருந்தும். சாமி பேர் வேண்டாம் என்பவர் ஒன்று, இரண்டு என்று எண்ணினால் போதும்.

இப்போது நாமே ஒன்று செய்து பார்ப்போம். இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, வலது கையின் மூன்று விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். கிடைத்ததா? மெதுவாக மூச்சை இழுங்கள். இப்போது அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகவும், விடும்போது சற்று மெதுவாகவும் இருப்பதைச் சிலர் உணர முடியும். மூச்சை விடும்போது இதயத்தை நிதானப்படுத்தும் நரம்பின் செயல் கூடுகிறது. படபடப்பாக இருப்பவரிடம் “நல்லா மூச்சை இழு, இழு” என்கிறோம். “மெதுவா விடு” என்பதுதான் அதிகம் உதவும். வயதானவர்களுக்கு இந்த நாடி வேறுபாடு குறைவாகவே தெரியும். ஆனால் பயிற்சியின் அடிப்படை அதேதான்.

மூச்சைப் பற்றிப் பேச நமக்கு வெளியே போக வேண்டியதே இல்லை. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை யோகத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். நம் கொங்கு மண்ணில் ஆழியாறு அறிவுத் திருக்கோயிலை அறியாதவர் இல்லை. அதை அமைத்த வேதாத்திரி மகரிஷி கூடுவாஞ்சேரியில் 1911-ல் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். இல்லறத்தில் இருப்பவர்களும் முதியவர்களும் செய்யும்படி எளியமுறை உடற்பயிற்சியையும் தியானத்தையும் வகுத்தார். அப்பாவோடு மில்லில் வேலை பார்த்தவர்களில் சிலர் இன்றும் மனவளக்கலை மன்றத்துக்குப் போய்வருகிறார்கள். சென்னையில் யோகம் கற்பித்த டி. கிருஷ்ணமாச்சாரியார் நூறு வயது வரை வாழ்ந்தவர். பயிற்சிக்காக ஆளை வளைக்கக் கூடாது, ஆளுக்கு ஏற்றபடி பயிற்சியை மாற்ற வேண்டும் என்ற அவருடைய அணுகுமுறையை, பொறியியல் படித்த அவர் மகன் தேசிகாச்சார் தந்தையிடமே கற்று, 1976-ல் யோக மந்திரம் தொடங்கிப் பரப்பினார். ஆளுக்கு ஏற்றபடி என்பதைப் பள்ளியில் நாம் தினமும் பேசுகிறோம். மெல்லக் கற்போருக்குத் தனிப் பயிற்சித் தாள் தயாரிக்கிறோம். வீட்டுக்குப் போனதும் அதை மறந்துவிடுகிறோம்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேண்டுவோர் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். இரத்த அழுத்தம், இதய நோய், நுரையீரல் நோய், கண் நீரழுத்த நோய், குடலிறக்கம் இருப்பவர்கள், சமீபத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் கபாலபாதி போன்ற வேகமான பயிற்சிகளையும், மூச்சை அடக்கும் பயிற்சிகளையும் தாமாகச் செய்யக் கூடாது. வயதானவர்களுக்கு வீட்டில் நாம் சொல்லிக்கொடுக்கும்போது மூச்சை அடக்குவதே வேண்டாம். மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுவது போதும். அதிலும் மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு எது பொருந்தும் என்பதை இயன்முறை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தரையில் உட்காரச் சொல்லாதீர்கள். கை வைத்த நாற்காலி, பாதம் தரையில் படும் உயரம், முதுகுக்குச் சாய்மானம். சாப்பிட்ட உடனே வேண்டாம். முடிந்ததும் சட்டென்று எழ வேண்டாம். ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழட்டும்.

ஐந்து நிமிடத்தில் நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் செய்யலாமே என்று அவர்களுக்குத் தோன்றும்போது முடித்தால்தான் மறுநாளும் வருவார்கள். நாள்தோறும் நடக்கும் ஒரு வேலையோடு சேர்த்துவிடுங்கள். அப்பாவுக்குக் காலைக் காபிக்கு முன்னால். அம்மாவுக்கு விளக்கு வைத்த பிறகு.

தலைச்சுற்றல், நெஞ்சு வலி, மூச்சு முட்டுதல், விரல் மரத்துப்போதல் என்று எது வந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். நெஞ்சு வலியோ மூச்சு முட்டலோ குறையாவிட்டால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். இன்னொன்று: மூச்சுப் பயிற்சி செய்வதால் பிரஷர் மாத்திரையையோ இன்ஹேலரையோ நிறுத்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நம் பெற்றோருக்கு மாத்திரையை விடுவதற்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதும்.

அவர்களை உட்காரவைத்துவிட்டு நாம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பயிற்சி நடக்காது. பக்கத்தில் உட்கார்ந்து நாமும் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஐந்து நிமிடம்தான் நானும் அப்பாவும் ஒன்றும் பேசாமல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் நேரம். அதற்கு முன்னால் அப்படி ஒரு நேரம் எங்களுக்கு இருந்ததில்லை.

பலன் என்ன என்று கேட்பீர்கள். பெரிதாகச் சொல்ல மாட்டேன். அப்பாவின் நுரையீரல் பழையபடி ஆகவில்லை, ஆகாது. இன்ஹேலர் தொடர்கிறது. குளிர்காலத்தில் சிரமப்படுகிறார். ஆனால் மூச்சு வாங்கும்போது முன்போல் பதறுவதில்லை. உதட்டைக் குவித்து நாலைந்து முறை ஊதினால் அடங்கும் என்று அவருக்குத் தெரியும். அம்மா இன்னும் சில இரவுகளில் எழுந்து உட்காருகிறார். விரலை எண்ண ஆரம்பித்தால் சில நாள் திரும்பத் தூங்கிவிடுகிறார். சில நாள் விடிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட நாளில் காலை எனக்குப் போன் செய்து, “அக்கா நெனப்பா இருந்துச்சு கண்ணு” என்று சொல்கிறார். முன்பு அதைச் சொல்ல மாட்டார்.

போன மாதம் ஒரு நாள். எமிஸ் பதிவு ஏறாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே கோபத்தோடு அப்பா வீட்டுக்குப் போய்ப் பையை நாற்காலியில் எறிந்தேன். அப்பா என்னைப் பார்த்துவிட்டு, “உக்காரு அம்மணி. ஊதாங்குழல் ஊது” என்றார். உட்கார்ந்து ஊதினேன். அவரும் கூட ஊதினார். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். மறுநாள் ஏழாம் வகுப்பில் தேர்வுத்தாள் கொடுப்பதற்கு முன்னால் பிள்ளைகளையும் ஐந்து முறை ஊதச் சொன்னேன். “எங்க அப்பா சொல்லிக்கொடுத்தது” என்றேன்.

அப்பா இப்போதும் பால் கடைக்குப் போகும்போது நிற்கிறார். தையல்கடை, டீக்கடை, பிள்ளையார் கோயில், அதே இடங்கள்தான். ஒரு வித்தியாசம் உண்டு. நான் கூடப் போனால், “இரு அம்மணி, மூச்சு வாங்கிக்கறேன்” என்று சொல்லிவிட்டு நிற்கிறார். நானும் நிற்கிறேன்.

நண்பர்களே, இன்று மாலை வீட்டுக்குப் போனதும் எந்தப் பயிற்சியையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அப்பாவோ அம்மாவோ கடைக்கு நடந்து போனால், கூட நடந்து பாருங்கள். எங்கே நிற்கிறார்கள், எதற்கு நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.